காக்கும் சட்டமும் காக்க வேண்டிய உண்மையும்

மேல்கோட்டை தமிழ் மக்களுக்கு அயலூர் அன்று. இராமாநுஜர் பல ஆண்டுகள் தங்கியிருந்த திருநாராயணபுரம் என்பது இவ்வூரே. மைசூரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், யோக நரசிம்மர் குன்றின் அடியில் அமைந்த இவ்வூர்க் கோயிலில் ஆழ்வார்களின் தமிழ் இன்றும் ஓதப்படுகிறது. வீடுகளில் கன்னடம் கலந்ததொரு பழந்தமிழ் வழங்குகிறது. முன்னர் மைசூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1939-இல் மாண்டியா மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது அதனைச் சேர்ந்தது. வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழர் தம் மொழியையும் விடாது, புகுந்த நாட்டு மொழியையும் ஏற்று வாழ இயலும் என்பதற்கு இவ்வூரினும் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

இக்கோயிலைச் சார்ந்த பழங்கதை ஒன்றுண்டு. தில்லிச் சுல்தானின் மகள், தன் அரண்மனையில் இருந்த செல்வப்பிள்ளையின் திருமேனியைப் பிரிய மனமின்றி அதனைப் பின்தொடர்ந்து இவ்வூர் வரை வந்தாளாம். துலுக்க நாச்சியார் என்ற பெயரோடு அவளுக்கு இறைவன் திருவடியிலேயே இடம் தரப்பட்டது என்பர். பிறந்த வீட்டை விட்டு வந்த பெண்ணுக்குப் புகுந்த இடத்தில் உரிய இடமுண்டு என்பதே அக்கதையின் உட்பொருள். கதையில் எளிதாக முடிகிற இக்காரியம் குடும்ப வாழ்க்கையில் எல்லாப் பெண்களுக்கும் எளிதாக முடிவதில்லை. அதனாலேயே சட்டங்கள் தோன்றின. அச்சட்டங்களைப் பற்றியும், அவை தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன என்ற கவலையைப் பற்றியும் இங்குச் சிறிது சிந்திப்போம்.

இச்சிந்தனையை நம்முள் எழுப்பியது ஒரு மனு. பங்குனியில் வைரமுடிச் சேவை காண மேல்கோட்டை சென்றிருந்தபோது, நமது தொழில் மொழிபெயர்ப்பு என்பதைக் கேள்வியுற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர், தட்டச்சு செய்த நான்கு தாள்களுடன் நம்மை நாடி வந்தார். குடும்பத்தோடு அப்பக்கத்தில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆனவர். மகளைத் தமிழ்நாட்டில் மணம் முடித்துக் கொடுத்திருந்தார். அவள் அடிபட்ட கையோடு தாய் வீடு திரும்பியிருந்தாள். அத்தாள்களைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்த்துத் தர வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள்.

படித்துப் பார்த்தோம். கணவன், மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார், அவளுடைய கணவர், கணவனின் சிற்றப்பா, சிற்றன்னை என எட்டுப் பேர் மீது குற்றச்சாட்டு இருந்தது. 'எதிரிகள் அனைவரும் ஒன்று கூடி, எண்ணற்ற முறை, சொல்லொணாக் கொடுமைகள் புரிந்தனர்' என்ற வாக்கியம் ஐந்து இடங்களில் வந்தது. நாள் ஒன்றும் குறிக்கப்படவில்லை. இன்னவர் இன்னது செய்தார் என்ற செய்தி ஓரிடத்திலும் இல்லை. 'எல்லோர் பெயரையும் சேர்த்தால்தான் வழிக்கு வருவார்கள் என்று எழுதிக் கொடுத்தவர் சொன்னார்' என்றார் பெரியவர்.

அப்போது உள்ளிருந்து அப்பெண் வந்தாள். 'நாத்தனார் பெயர் வேண்டாம், ஐயா. அன்றிரவு என்னைப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துச் சென்று, சீட்டு வாங்கிக் கொடுத்து அனுப்பியவளே அவள்தான்' என்றாள்.

இந்த ஒரு சொல்லில் நமது பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. நாட்டில் இன்று இரண்டு அச்சங்கள் எதிரெதிரே நிற்கின்றன. கொடுமைக்கு ஆளான பெண்ணின் சொல் காதில் விழாமற் போகிறது என்பது ஒன்று. குற்றமற்றவர்கள் சட்டத்தின் வலையில் சிக்குண்டு அல்லலுறுகின்றனர் என்பது மற்றொன்று. ஒன்றை ஏற்பவர் மற்றொன்றை மறுக்க வேண்டும் என்பதுபோல் வழக்காடுகின்றனர். ஆனால் இவ்விரு தீங்குகளும் பெரும்பாலும் ஒரே ஊற்றிலிருந்து புறப்படுபவை. உண்மையை உள்ளபடி எழுதாமையும், எழுதியதை உள்ளபடி ஆராயாமையுமே அவ்வூற்று. இதனை விளக்கச் சட்டத்தின் வரலாற்றைச் சற்றுப் பார்த்தல் வேண்டும்.

பெண்ணைக் காக்கும் சட்டம் மைசூர் மண்ணுக்குப் புதியதன்று. மேல்கோட்டை அன்று மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. எட்டு வயதுக்குட்பட்ட சிறுமியரின் திருமணத்தையும், ஐம்பது வயதைக் கடந்த ஆடவர் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்ணை மணப்பதையும் அச்சமஸ்தானம் 1894-இலேயே சட்டத்தால் தடுத்தது. சாரதா சட்டம் எனப்படும் குழந்தை மணத் தடைச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் நிறைவேறியது 1929-இல்தான். இந்துப் பெண்களின் சொத்துரிமையை விரிவாக்கும் சட்டத்தை மைசூர் 1933-இல் இயற்றியது. பிரிட்டிஷ் இந்தியாவில் அத்துறையில் சட்டம் வந்தது 1937-இல்.

நாடு விடுதலை பெற்றபின் வந்த வரதட்சிணைத் தடைச் சட்டம், 1961-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆனால் வரதட்சிணை நிற்கவில்லை. 'அன்பளிப்பு' என்ற பெயரில் அது வாசல் மாறி உள்ளே வந்தது. இளம் மருமகள்கள் தீக்காயத்தால் இறந்தனர் என்ற செய்திகள் 1970-களின் இறுதியில் பெருகின. 'ஸ்டவ் வெடித்தது' என்பதே பல வீடுகளிலிருந்து வந்த ஒரே விளக்கம். அடுப்பு மருமகளின் கையில் மட்டும் வெடிப்பது எவ்வாறு என்று பெண்கள் தில்லித் தெருக்களில் இறங்கிக் கேட்டனர். அதன் பயனாக, இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ என்னும் பிரிவு 1983-இல் சேர்க்கப்பட்டது. கணவனோ அவனுடைய உறவினரோ ஒரு பெண்ணுக்குக் கொடுமை இழைத்தால் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்றது அது. திருமணமான ஏழாண்டுகளுக்குள் நேரும் வரதட்சிணை மரணத்தைத் தனிக் குற்றமாக்கிய 304-பி பிரிவு 1986-இல் வந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின், கொடுமைக் குற்றம் அதன் 85, 86 பிரிவுகளிலும், வரதட்சிணை மரணம் 80-ஆம் பிரிவிலும் இடம்பெற்றுள்ளன. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

'கொடுமை' என்னும் சொல்லுக்குச் சட்டம் இரண்டு பொருள்களைத் தருகிறது. பெண்ணைத் தற்கொலைக்குத் தூண்டக்கூடிய, அல்லது அவளுடைய உயிருக்கோ உடலுக்கோ மனநலத்துக்கோ பெருங்கேடு விளைக்கக்கூடிய, வேண்டுமென்றே செய்த செயல் ஒன்று. பொருளோ பணமோ சட்டத்துக்கு மாறாகக் கேட்டு வருத்துதல் மற்றொன்று. இவற்றுள் ஏதேனும் ஒன்றே போதும். வரதட்சிணை கேட்கவில்லை என்பதனால் மட்டும் அடித்துத் துன்புறுத்தியவன் தப்பிவிட முடியாது. அதுபோலவே, குடும்பத்தில் நேரும் ஒவ்வொரு மனத்தாங்கலும், ஒவ்வொரு கடுஞ்சொல்லும் இச்சட்டத்தின்படி கொடுமை ஆகிவிடாது.

இனி, தவறான பயன்பாடு பற்றிய கவலைக்கு வருவோம். இக்கவலை வெறுங்கற்பனை அன்று. 2005-இல் சுஷீல் குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்பிரிவு செல்லத்தக்கதே என உறுதி செய்தது. எனினும் தவறாகப் பயன்படுத்தினால் அதுவே புதியதொரு சட்டப் பயங்கரவாதமாக மாறக்கூடும் எனவும் எச்சரித்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய வி. எஸ். மளிமத் தலைமையில் அமைந்த குழு, இக்குற்றத்தைப் பிணையில் விடத்தக்கதாகவும், சமரசமாகத் தீர்த்துக் கொள்ளத்தக்கதாகவும் ஆக்கலாம் என 2003-இல் பரிந்துரைத்தது. சட்ட ஆணையம் 2012-இல் அளித்த 243-ஆவது அறிக்கையில், நீதிமன்றத்தின் இசைவோடு சமரசம் செய்து கொள்ள இடந்தரலாம், பிணையில் விடத்தக்கதாக மட்டும் ஆக்க வேண்டா என்றது.

அர்னேஷ் குமார் வழக்கில் 2014-ஆம் ஆண்டு ஜூலை 2 அன்று வெளிவந்த தீர்ப்பு இத்துறையில் ஒரு திருப்பம். 2012-ஆம் ஆண்டில் மட்டும் இப்பிரிவின் கீழ் 1,97,762 பேர் கைது செய்யப்பட்டனர் எனவும், அவர்களுள் 47,951 பேர் பெண்கள் எனவும் அத்தீர்ப்பு எடுத்துக் காட்டியது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது 93.6 விழுக்காடு வழக்குகளில். தண்டனையில் முடிந்தவையோ 15 விழுக்காடு. கைதானவருள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பெண் என்பதை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். மாமியாரும் நாத்தனாரும் பெண்களே. பெண்ணுக்காக ஏற்பட்ட சட்டத்தால், குற்றமற்ற ஒரு பெண் இரவோடிரவாகக் காவல் நிலையத்தில் அமர நேர்ந்தால் அதுவும் பெண்ணுக்கு இழைத்த தீங்கே ஆகும்.

அத்தீர்ப்பு சட்டத்தை நீக்கவில்லை. கைது செய்யும் வழக்கத்தையே நெறிப்படுத்தியது. ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றங்களில், கைது ஏன் தேவை என்பதற்குக் காவலர் காரணத்தை எழுத்தில் குறிக்க வேண்டும். காரணம் இல்லையெனில் ஆஜராகும்படி அறிவிப்புத் தந்து விசாரிக்க வேண்டும். அறிவிப்புக்குப் பணிந்து விசாரணைக்கு வருபவரை, தக்க காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்தல் கூடாது. இவ்விதி இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவில் உள்ளது.

அதன்பின் நீதிமன்றங்கள் சென்ற பாதை நேரானதன்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் குடும்ப நலக் குழு அமைத்து, அதன் அறிக்கை வரும்வரை கைது கூடாது என உச்ச நீதிமன்றம் 2017-இல் பணித்தது. சட்டத்தில் இல்லாத குழுவை நீதிமன்றம் படைத்தல் முறையன்று என 2018-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அப்பணிப்பை நீக்கியது. பின்னர் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2022-இல், முதல் தகவல் அறிக்கை பதிவானபின் இரண்டு மாதம் கைதின்றிப் பொறுத்திருக்கும் காலமும் குடும்ப நலக் குழுவும் வேண்டும் என வழிமுறைகள் வகுத்தது. அவை நடைமுறையில் தொடர வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று கூறியது. அவ்விரண்டு மாதத்தில் அடிபட்ட பெண்ணின் கதி என்ன என்ற கேள்வியைப் பெண்கள் நலம் நாடுவோர் எழுப்புவது இயல்பே.

இவற்றையெல்லாம் கேட்பவர் ஒரு பிழையான முடிவுக்கு வந்துவிடக் கூடும். நூற்றுக்குப் பதினைந்து வழக்குகளே தண்டனையில் முடிகின்றன என்றால், எஞ்சிய எண்பத்தைந்தும் பொய் என்று பலர் கூறுகின்றனர். இது கணக்கிலும் பிழை, நியாயத்திலும் பிழை. ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படாத குற்றம் வேறு, பொய்யான குற்றச்சாட்டு வேறு. நான்கு சுவர்களுக்குள் நடந்ததற்குச் சாட்சி கிடைப்பது அரிது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும்போது, குழந்தைகளை முன்னிட்டும், ஜீவனாம்சத் தொகையைப் பெறும் பொருட்டும் பல பெண்கள் சமரசத்துக்கு உடன்பட்டு, சாட்சிக் கூண்டில் வாய் மூடி நிற்கின்றனர். இத்தகைய வழக்குகளும் விடுதலைக் கணக்கிலேயே சேர்கின்றன.

காவல் நிலையத்துக்கே வராத கொடுமைகளின் கணக்கு இன்னும் பெரிது. தேசியக் குற்ற ஆவணப் பணியகத்தின் கணக்கின்படி, 2022-இல் பெண்களுக்கு எதிரான குற்றங்களாக 4,45,256 வழக்குகள் பதிவாயின, அவற்றுள் 31.4 விழுக்காடு கணவனோ உறவினரோ இழைத்த கொடுமை. அதே ஆண்டில் வரதட்சிணை மரண வழக்குகள் 6,000-க்கு மேல். வீட்டுக்கு வீடு சென்று கேட்ட தேசியக் குடும்ப நல ஆய்வோ மற்றொரு காட்சியைக் காட்டுகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது ஆய்வில், மணமான பெண்களுள் கணவனின் வன்முறைக்கு ஒருமுறையேனும் ஆளானோர் நாட்டில் 29.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் அது 38.1, கர்நாடகத்தில் 44.4. நாம் பிறந்த மாநிலமும், மேல்கோட்டைத் தமிழர் புகுந்த மாநிலமும் இவ்விஷயத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வன்முறைக்கு ஆளானவர்களுள் பிறர் உதவியை நாடியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஏறக்குறையப் பதினான்கு பேரே. எஞ்சியவர்கள் மனுவே எழுதாதவர்கள். தவறான பயன்பாட்டைப் பற்றி எவ்வளவு பேசினாலும், இந்த மௌனத்தை மறந்து பேசுதல் நேர்மையாகாது.

இவ்விரு பக்கங்களையும் ஒருசேர நோக்கிய தீர்ப்பு ஒன்று 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. தாரா லக்ஷ்மி நாராயணா வழக்கில் அதனை எழுதியவர் நீதிபதி பி. வி. நாகரத்னா. மேல்கோட்டை அடங்கிய பாண்டவபுரம் பகுதியில் பிறந்து, 1989-இல் இந்தியத் தலைமை நீதிபதியாக உயர்ந்த இ. எஸ். வெங்கடராமையாவின் மகள் அவர். இன்னது செய்தார் என்ற குறிப்பின்றிக் குடும்பத்தார் அனைவரையும் வழக்கில் இழுப்பதை அத்தீர்ப்பு கண்டித்து, அவ்வழக்கை நீக்கியது. ஆனால் கொடுமைக்கு ஆளான பெண் வாய் மூடியிருக்க வேண்டும் என்பது தமது கருத்தன்று எனவும் தெளிவாகக் குறித்தது. பொத்தாம் பொதுவான குற்றச்சாட்டைக் கொண்டு உறவினர் அனைவரையும் விசாரணைக்கு உட்படுத்துதல் கூடாது என 2022-இலும் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது.

பொய்ப் புகாருக்குச் சட்டத்தில் மருந்து இல்லாமலில்லை. அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் தருதல் நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவிலும், தீங்கு செய்யும் நோக்கத்தோடு பொய்க் குற்றம் சாட்டுதல் 248-ஆம் பிரிவிலும் தண்டனைக்குரியவை. பணியிடத்தில் பெண்கள் பாலியல் தொல்லைக்கு ஆளாவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இவ்விஷயத்தில் நல்லதொரு வரம்பை வகுத்துள்ளது. தீய நோக்கத்தோடு கூறிய பொய்ப் புகாருக்கு நடவடிக்கை உண்டு. ஆனால் புகாரை மெய்ப்பிக்க இயலவில்லை என்பதனால் மட்டும் அதனைப் பொய் என்று கொள்ளுதல் கூடாது. பொய்க்கும் மெய்ப்பிக்கப்படாமைக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை நம் மக்கள் அனைவரும் மனத்தில் இருத்துவார்களாயின், இத்துறையில் எழும் வீண் சச்சரவில் பாதி அடங்கிவிடும்.

இனி அப்பெரியவரின் மனுவுக்குத் திரும்புவோம். நாத்தனாரை எதிரியாக்கியதனால் நேர்ந்திருக்கக் கூடியது என்ன? அன்றிரவு நடந்ததைக் கண்ணால் கண்டு, அடிபட்டவளுக்கு உதவிய ஒரே ஆள் அவள். அவளைக் குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்தினால் அப்பெண் தன் ஒரே சாட்சியையும் தன் கையாலேயே இழந்திருப்பாள். வேறோர் ஊரில் வாழும் சிற்றப்பாவும் சிற்றன்னையும் அவ்வீட்டுக்கே வரவில்லை என எதிர்த் தரப்பு காட்டியவுடன், மெய்யான அடியும் பொய்யாகத் தோன்றியிருக்கும். குடம் பாலில் துளி நஞ்சு கலந்தாற்போல, ஒரு பொய்ப் பெயர் உண்மை மனு முழுவதையும் கெடுத்துவிடும். குற்றமற்றவரைக் காப்பதும் குற்றத்துக்கு ஆளானவளைக் காப்பதும் இங்கு இரண்டு வேலைகள் அல்ல; ஒரே வேலை.

ஆகவே அப்பெண்ணையே சொல்லச் செய்தோம். அவள் மறக்கவில்லை. ஆடிப் பெருக்குக்கு மறுநாள் மாலை, மாமனார் தொழிலுக்கென்று பணம் கேட்டதை நினைவு கூர்ந்தாள். தீபாவளிக்கு முன் வெள்ளிக்கிழமை, கணவன் கதவில் மோதித் தள்ளியதில் முழங்கை கிழிந்து மருத்துவமனையில் தையல் போட்டனர். அந்தச் சீட்டு அவளிடம் இருந்தது. பணமின்றித் திரும்பி வராதே என மாமியார் அனுப்பிய செய்தி கைபேசியில் இருந்தது. மூன்று நிகழ்ச்சிகள், மூன்று பெயர்கள். நான்கு தாள் ஒன்றரைத் தாளாயிற்று. 'எண்ணற்ற முறை' என்பது போயிற்று. நாளும் இடமும் வந்தன.

மொழிபெயர்ப்பிலும் எச்சரிக்கை வேண்டியிருந்தது. 'கை நீட்டினார்' என்று நம் பெண்கள் சொன்னால் அடித்தார் என்பது பொருள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், எதையோ வேண்டிக் கையேந்தியவர் போல் ஆகிவிடும். 'தாய் வீட்டில் கொண்டு விட்டுவிட்டார்' என்றால் கைவிட்டார் என்பது பொருள். பெயர்ப்பில் அது துணை வந்து சேர்த்த அன்புச் செயலாகத் தோன்றும். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இது சிறிய செய்தியன்று. முதல் தகவல் அறிக்கை அம்மாநில மொழியிலேயே எழுதப்படும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின் கையொப்பமிடுதலும், அதன் நகலைக் கட்டணமின்றிப் பெறுதலும் புகார் தருபவரின் உரிமைகள். மொழி விளங்காத தாளில் கையொப்பமிடலாகாது. விளங்கியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் நன்று.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் அறிய வேண்டிய வேறு சில செய்திகளும் உள. திருமணம் ஓரிடம், கணவன் வீடு ஓரிடம், பெற்றோர் வீடு ஓரிடம் என்றிருப்பதால், எங்கே புகார் தருவது என்ற மயக்கம் பலருக்கு உண்டு. கொடுமை தாளாது வெளியேறிய பெண், தான் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவுபடுத்தியது. மேலும், குற்றம் எவ்வெல்லையில் நிகழ்ந்திருப்பினும், எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்தல் வேண்டும். 'ஜீரோ எப்.ஐ.ஆர்.' என வழங்குவது இதுவே. 'உங்கள் ஊருக்குப் போய்ப் புகார் கொடுங்கள்' என்று திருப்பி அனுப்புவதற்கு இடமில்லை.

சிறைத் தண்டனையை நாடாது, பாதுகாப்பை மட்டும் நாடும் பெண்களுக்கு வேறொரு வழியும் உண்டு. 2005-இல் இயற்றப்பட்டு, 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அது. அடிக்காதே என்ற தடையாணை, வீட்டை விட்டு வெளியேற்றாதே என்ற குடியிருப்பு ஆணை, செலவுக்குப் பணம், குழந்தையின் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றை மாஜிஸ்திரேட்டு வழங்கலாம். பெண் தற்காலிகமாகத் தங்கியுள்ள ஊரிலும் மனுச் செய்யலாம். இடைக்கால ஆணையும் பெறலாம். ஆணையை மீறினால்தான் அது குற்றமாகும். இரண்டு மாதப் பொறுப்புக் காலத்தைப் பற்றி முன்னர்க் கூறினோமே, இவ்வழி அதற்கு உட்பட்டதன்று, தனியானது. யாரையும் கைது செய்ய வேண்டும் என்ற எண்ணமில்லாத பெண், இதனை அறியாமையால் குற்ற வழக்கைத் தொடுத்துவிட்டுப் பின் வருந்துவதை நாம் கண்டிருக்கிறோம்.

செலவு குறித்து அஞ்ச வேண்டா. 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும், பெண்கள் அனைவரும் இலவசச் சட்ட உதவி பெற உரிமையுடையவர். தேசியச் சட்ட உதவி ஆணையத்தின் தொலைபேசி எண் 15100. பெண்கள் உதவிக்கு 181. உடனடி ஆபத்தில் 112.

திருமணத்தின் போதே செய்யத்தக்க ஒரு சிறு காரியம் உண்டு. அதனைச் செய்வோர் மிகச் சிலர். மணமகளுக்கும் மணமகனுக்கும் தரப்பட்ட பொருள்களுக்குப் பட்டியல் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு வைத்தல் வேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டு விதி. பெண்ணுக்கு வந்த நகையும் பொருளும் அவளுக்கே உரியவை என உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு பிரதிபா ராணி வழக்கில் கூறியது. பட்டியல் இருக்குமானால், கொடுத்ததை இல்லை என்று மறுக்கவும் இயலாது. கொடுக்காததைக் கொடுத்ததாகக் கூறவும் இயலாது. ஒரே தாள் இரு வீட்டாரையும் காக்கிறது. முகூர்த்தப் பட்டுக்கும் நாதஸ்வரத்துக்கும் நாள் கணக்கில் அலையும் நாம், இந்த ஒரு தாளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்குவதில்லை.

ஆண் மக்களைப் பெற்றோருக்கும் ஒரு சொல். வழக்கு வந்ததும் அஞ்சி ஓடி ஒளிதல் தவறு. அறிவிப்பு வந்தால் நேரில் சென்று விசாரணைக்கு உடன்படுதலே கைதிலிருந்து காக்கும் வழி. வேற்றூரில் இருந்ததற்கு ஆதாரம், பணம் அனுப்பிய ரசீது, கடிதம், செய்தி ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருத்தல் வேண்டும். முன்பிணைக்கும், ஆதாரமற்ற வழக்கை நீக்கக் கோரி உயர் நீதிமன்றத்தை நாடுவதற்கும் சட்டத்தில் இடமுண்டு. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, மருமகள் கூறும் குறையைத் தம் மகனிடமே ஒருமுறை கேட்டறியும் பெற்றோர் பலராயின், நீதிமன்றத்தின் படியேறுவோர் சிலராவர்.

புது மனுவைப் படித்துக் காட்டியபோது பெரியவருக்கு முழு மனநிறைவு இல்லை. 'இவ்வளவு சுருக்கமாக இருந்தால் எடுபடுமா?' என்று கேட்டார். எடுபடும் என உறுதி கூற நம்மால் இயலவில்லை. அது விசாரிப்பவர் கையில் உள்ளது. ஆயினும் அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அப்பெண் யார் முன்பும் நின்று விடை சொல்ல முடியும் என்றோம். அவள் தாளை வாங்கி, தமிழ்ப் படியை ஒருமுறை தானே படித்துப் பார்த்தாள். நாத்தனாரின் பெயர் அப்போதும் அதில் இருந்தது. எதிரிகளின் வரிசையில் அன்று, சாட்சிகளின் வரிசையில். அதனைக் கண்டபின் கையொப்பமிட்டாள்.